உப்புக்காற்றுக்கு ஏற்ற கார்ட்லெஸ் டிரில், இம்பாக்ட் டிரைவர்: பார்த்து வாங்குவது எப்படி?

ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கிற மண்டபம் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மொட்டை மாடியில் இரும்புப் பைப் நிறுத்தித் தகரக் கொட்டகை போட வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் அண்ணனுடைய பைபர் வள்ளத்தில் கொஞ்சம் மாட்டல் வேலை இருக்கிறது. வீட்டில் கதவு, அலமாரி, ஸ்கிரீன் கம்பி என்று சில்லறை வேலைகள். கையில் பதினைந்தாயிரம். டிரில்லும் இம்பாக்ட் டிரைவரும் சேர்ந்த செட்டாக வாங்கலாமா, 12 வோல்ட் போதுமா, 18 வேண்டுமா, துபாயில் இருக்கும் மச்சானை வரும்போது எடுத்துவரச் சொல்லலாமா என்பது கேள்வி.

இருபது வருஷத்துக்கு மேலாக இந்தக் கரையில் ஷீட் கூரை, அலுமினியக் கதவு, படகு மாட்டல் வேலை செய்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தம்பி. உங்கள் பணத்துக்கு இப்போது 18 வோல்ட்டில் சுத்தியல் வசதி உள்ள டிரில் ஒன்றை, இரண்டு பேட்டரியோடு, நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து அதே பேட்டரி ஏறுகிற இம்பாக்ட் டிரைவரை வெறும் மெஷினாக வாங்கிச் சேருங்கள். கான்கிரீட்டைத் துளைக்க இந்த இரண்டையும் நம்ப வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இனி எழுதுவதெல்லாம்.

முதலில் பெயர்க் குழப்பம். கடையில் போய் வெறுமனே “இம்பாக்ட்” என்று கேட்டால் மூன்று வேறு மெஷினில் எதை வேண்டுமானாலும் எடுத்து வைப்பார்கள். இம்பாக்ட் டிரில் என்பது சுவரில் துளை போடுவது. சுற்றிக்கொண்டே பிட்டை முன்னும் பின்னும் தட்டும். இம்பாக்ட் டிரைவர் என்பது ஸ்க்ரூ ஏற்றுவது. அதன் தட்டு சுற்றுகிற திசையிலேயே விழும். இம்பாக்ட் ரெஞ்ச் என்பது சதுர முனையில் சாக்கெட் மாட்டி நட் கழற்றுவது, டயர் கடையில் பார்த்திருப்பீர்கள். பெட்டியில் இருக்கும் எழுத்தைப் பார்த்தால் ஏமாற வேண்டியதில்லை. போஷில் ஜிஎஸ்ஆர் என்றால் சாதா டிரில் டிரைவர், ஜிஎஸ்பி என்றால் சுவரும் துளைக்கிற டிரில், ஜிடிஆர் என்றால் இம்பாக்ட் டிரைவர், ஜிடிஎஸ் என்றால் ரெஞ்ச். மக்கிட்டாவில் அதே வரிசை டிடிஎஃப், டிஎச்பி, டிடிடி, டிடிடபிள்யூ. டிவால்ட்டில் டிசிடி என்று தொடங்கினால் டிரில், டிசிஎஃப் என்று தொடங்கினால் டிரைவர் வகை. ஆன்லைனில் வாங்குகிறவர்கள் படத்தை நம்பாமல் இந்த எழுத்தை நம்புங்கள்.

இரண்டுக்கும் உள்ளே நடப்பது வேறு வேறு. டிரில்லில் மோட்டார், கியர், அதன் முன்னால் கிளட்ச், முனையில் பிட்டைக் கவ்வுகிற மூன்று தாடை உள்ள சக். கழுத்தில் இருக்கிற வளையத்தில் 1, 2, 3 என்று எண் ஓடுகிறதே, அதுதான் கிளட்ச். வைத்த அளவுக்கு மேல் இறுக்கம் வந்தால் “கடகட” என்று வழுக்கி நின்றுவிடும். ஸ்க்ரூ அதற்கு மேல் போகாது. இம்பாக்ட் டிரைவரில் கிளட்ச் கிடையாது, சக் கிடையாது. கால் அங்குல அறுகோணக் குழிதான் உண்டு. அறுகோணத் தண்டு உள்ள பிட் மட்டும் அதில் ஏறும். உள்ளே ஸ்பிரிங் முட்டுக்கொடுத்த ஒரு சுத்தியல் வளையம் இருக்கிறது. ஸ்க்ரூ இறுகும் வரை எல்லாம் ஒன்றாகச் சுற்றும். எதிர்ப்பு வந்ததும் சுத்தியல் பின்வாங்கித் தாண்டி அடுத்த முட்டில் போய் அடிக்கும். மக்கிட்டாவின் டிடிடி 152 இப்படி நிமிஷத்துக்கு 3,500 தடவை வரை அடிக்கிறது. அடி முழுவதும் ஸ்க்ரூவுக்குப் போவதால் உங்கள் மணிக்கட்டுக்குத் திருகல் வருவதில்லை. ஏணியில் நின்று ஒற்றைக் கையால் பெரிய ஸ்க்ரூ ஏற்றுகிறவனுக்கு அது பெரிய விஷயம். அதே இடத்தில் டிரில்லைப் பிடித்திருந்தால், பிட் மாட்டிக்கொள்ளும்போது மெஷின் கையை முறுக்கிவிடும்.

டப்பாவில் போட்டிருக்கும் டார்க் எண்ணை, அதாவது முறுக்குப் பலத்தின் எண்ணை, இரண்டுக்கும் ஒப்பிடாதீர்கள். அந்த டிரைவருக்கு 165 நியூட்டன் மீட்டர், அதே கம்பெனியின் டிஎச்பி 482 டிரில்லுக்கு 62 என்று இருக்கும். டிரைவர்தான் பலசாலி என்று நினைக்கத் தோன்றும். டிரைவரின் எண் ஒவ்வொரு அடியின் உச்சம். டிரில்லின் எண் மோட்டார் கியர் வழியாக நேராக முறுக்கும் பலம். பலகையில் இரண்டு அங்குல ஓட்டை எடுக்கும் ஹோல்சா மாட்டினால் டிரில் முக்கிக்கொண்டாவது போய்விடும். டிரைவர் தடதடவென்று அடித்துப் பல்லை உடைக்கும்.

இந்த இரட்டை மெஷின் எங்கே உண்மையில் உதவுகிறது என்றால் மரத்தில். பனஞ்சட்டத்தின் வெளிப்பக்கக் கறுப்பு நார் இருக்கிறதே, அது எவ்வளவு கெட்டி என்று நம் ஊரில் சொல்லத் தேவையில்லை. நேராக ஸ்க்ரூவை ஏற்றினால் சட்டம் பிளக்கும், இல்லையென்றால் ஸ்க்ரூ தலை முறியும். டிரில்லில் மெல்லிய பிட் மாட்டி முதலில் வழி போட வேண்டும், பிறகு டிரைவரில் ஸ்க்ரூ ஏற்ற வேண்டும். ஒரே மெஷின் வைத்திருப்பவன் பிட்டை மாற்றி மாற்றிப் பொழுதைக் கழிப்பான். சீமைக்கருவேலக் கட்டையிலும் இதே கதைதான்.

இனி கான்கிரீட். சுத்தியல் வசதி உள்ள கார்ட்லெஸ் டிரில்லில் பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி அதிரும். டிஎச்பி 482-இல் நிமிஷத்துக்கு 28,500 அதிர்வு வரை வருகிறது. கேட்கப் பெரிதாக இருக்கும்; ஆனால் ஒவ்வொன்றும் சின்னத் தட்டு, அதற்கும் நீங்கள் பின்னாலிருந்து நெஞ்சைக் கொடுத்து அழுத்த வேண்டும். செங்கல் சுவரில் 6 மில்லி, 8 மில்லி வால் பிளக் துளைக்கு அது தாராளம். ஹாலோ பிளாக் சுவர் என்றால் சுத்தியலை நிறுத்திவிட்டு வெறும் சுற்றிலேயே போடுங்கள், உள் ஓடு பெயராமல் வரும். லிண்டல், பீம், தளம் என்று வந்தால் ரோட்டரி ஹேமர் வேண்டும், நம் ஆட்கள் ஹில்டி என்று பொதுவாகச் சொல்கிற வகை. அதில் பிஸ்டன் காற்றை அழுத்தி அந்தக் காற்று சுத்தியலைத் தள்ளுகிறது. நிமிஷத்துக்கு நாலாயிரம் அடி போல்தான், ஆனால் ஒவ்வொரு அடியும் பிட்டின் முனை வரை போய்ச் சேரும். டிரில்லில் ஐந்து நிமிஷம் புகைந்துகொண்டு நிற்கிற துளை, இதில் பதினைந்து இருபது நொடி. உங்கள் கொட்டகைக் கால்களைத் தளத்தில் ஆங்கர் போல்ட் போட்டு நிறுத்தத்தானே போகிறீர்கள்? அந்த ஒரு நாளைக்கு ஒயர் உள்ள ரோட்டரி ஹேமரை வாடகைக்கு எடுங்கள், அல்லது எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். துளை போட்டதும் தூசியை ஊதிவிட்டு, போல்ட்டைச் சுற்றி சீலன்ட் வையுங்கள். கடலோரத்தில் தளத்துக்குள் உப்பு ஈரம் இறங்கினால் உள்ளிருக்கும் கம்பி ஊதிக் கான்கிரீட்டைப் பெயர்க்கும். பாதி வீடுகளின் சன்ஷேடைப் பார்த்தாலே தெரியும்.

பழைய வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம் பழைய வீடுகளின் சுவரில் பவளக்கல்லும் சுண்ணாம்பும் இருக்கும். அந்தக் கல் உள்ளே சல்லடை போல. சுத்தியலைப் போட்டால் துளை கிண்ணமாகிவிடும். சுத்தியலை நிறுத்தி, ஒரு அளவு சின்ன பிட்டில் மெதுவாகத் தொடங்கி, நீளமான பிளக் போடுங்கள்.

கொட்டகை வேலைக்கு வருவோம். ஷீட்டைப் பைப்பில் பிடிக்கிற செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவை இம்பாக்ட் டிரைவரில் அடிப்பதுதான் இப்போது வழக்கம். வேகமாகப் போகும், பார்க்கவும் நன்றாக இருக்கும். நான் அப்படிச் செய்வதில்லை. அந்த ஸ்க்ரூவின் முனை ஒரு குட்டி டிரில் பிட். அதற்கு வேண்டியது சுற்று, அடி இல்லை. அடி விழுந்தால் முனை மழுங்கும், சில நேரம் முறியும். அதைவிட முக்கியம் கடைசி அரைச் சுற்று. ஸ்க்ரூ தலைக்கடியில் கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கிறதல்லவா, அது ஷீட்டில் உட்கார்ந்து, இரும்பு வாஷரின் விளிம்பிலிருந்து நூலளவு வெளியே பிதுங்கி நிற்க வேண்டும். அவ்வளவுதான் இறுக்கம். அதற்கு மேல் போனால் ரப்பர் நசுங்கிக் கிழியும், ஷீட்டும் குழியும். அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும், வாடைக்காலத்து மழையில் சரியாக அங்கேதான் ஒழுகும். டிரைவரின் விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் அந்த அரைச் சுற்று முடிந்துபோயிருக்கும். டிரில்லில் வேக கியர் 2-இல் வைத்து, கிளட்ச்சைப் பாதி எண்ணில் வைத்து, எட்டு மில்லி காந்தச் சாக்கெட் மாட்டிப் பாருங்கள். முனை துளைக்கும்போது ஒரு சத்தம், மரை பிடிக்கும்போது ஒரு சத்தம், வாஷர் உட்கார்ந்ததும் கிளட்ச் கடகடக்கும். முதல் நாலு ஸ்க்ரூவில் எண்ணைச் சரிபார்த்துக்கொண்டால் மீதி நூறும் ஒரே மாதிரி உட்காரும். தடித்த ஆங்கிளில் மட்டும் டிரைவரை எடுங்கள். அதிலும் வேகத்தைக் குறைக்கும் பட்டன் உள்ள மாடலாக இருந்தால் நல்லது.

வள்ள வேலையில் இன்னும் கவனம் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும்போதுதான் எங்களுக்கு வேலை குவியும். அந்த அவசரத்தில்தான் தப்பும் நடக்கும். பைபரில் துளை போட டிரில் மட்டும்தான், சுத்தியல் கூடாது, டிரைவர் கூடாது. மேலே இருக்கும் வழவழப்பான ஜெல் பூச்சு கண்ணாடி போலச் சில்லு தெறிக்கும். டேப் ஒட்டி, முதல் சில சுற்றுக்கு மெஷினை ரிவர்ஸில் ஓட்டுங்கள். பிட் வெட்டாமல் தேய்த்துப் பூச்சை இறக்கும். பிறகு முன்பக்கமாக ஓட்டினால் ஓரம் சுத்தமாக வரும். துளையின் உள்சுவர் பூச்சில்லாமல் வெறுமையாக இருக்கும். போல்ட் போடுமுன் அதில் ரெசினோ மரைன் சீலன்ட்டோ தடவாமல் விட்டால் தண்ணீர் நார்களுக்குள் ஏறும்.

எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டையும் இம்பாக்ட் டிரைவரையும் சேர்க்காதீர்கள் என்பதை நான் பட்டுத்தான் கற்றேன். சில வருஷத்துக்கு முன், பாம்பனில் ஒரு வள்ளத்தின் ஐஸ் பெட்டி மூடிக்குக் கீல் மாட்டினேன். ஆறு மில்லி எஸ்எஸ் போல்ட், எஸ்எஸ் நட். பொழுது சாய்கிறதே என்று டிரைவரில் சாக்கெட் போட்டு முழு வேகத்தில் இறக்கினேன். இறுகுவதற்கு இரண்டு மரை இருக்கும்போதே நட் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. போல்ட் தலை கையில் கொதித்தது. எஸ்எஸ்ஸைத் துருவிலிருந்து காப்பது அதன் மேல் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம். வேகமும் சூடும் சேர்ந்து அந்தப் படலம் உரசிப் போனால் உலோகமும் உலோகமும் ஒட்டி வெல்டு வைத்த மாதிரி ஆகிவிடும். கிரைண்டரால் அறுத்துத்தான் எடுத்தேன். பொறி பட்டுப் புதுப் பூச்சில் கருகிய புள்ளிகள் விழுந்தன, அதையும் நானே செலவு செய்து சரிசெய்து கொடுத்தேன். அன்றிலிருந்து எஸ்எஸ் நட்டை மரையில் கிரீஸ் தடவி, கையால் ஏற்றி, ஸ்பேனரால் முடிக்கிறேன். மெஷின் வேண்டுமென்றால் டிரில்லில் கியர் 1, குறைந்த கிளட்ச். எஸ்எஸ் தகட்டில் துளை போடுவதானாலும் மெதுவான சுற்று, நல்ல அழுத்தம், சொட்டு எண்ணெய். வேகமாக ஓட்டினால் இடம் கெட்டியாகி, பிட்தான் மழுங்கும். கோபால்ட் கலந்த பிட்டாக வாங்குங்கள்.

வோல்ட் கணக்கு எளிது. உள்ளே இருக்கும் லித்தியம் செல் ஒவ்வொன்றும் 3.6 வோல்ட். மூன்று செல் சேர்ந்தால் 10.8, முழுதாகச் சார்ஜ் ஆனால் 12.6, அதைத்தான் 12 என்று விற்கிறார்கள். ஐந்து செல் சேர்ந்தால் 18, முழுச் சார்ஜில் 21. ஆகவே 18, “20 மேக்ஸ்”, 21 மூன்றும் ஒன்றுதான். மலிவு டப்பாவில் 48 வோல்ட், 88, 128 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். திறந்து பார்த்தால் அதே ஐந்து செல்தான். வீட்டுக்குள் அலமாரி, கீல், சுவிட்ச் பெட்டி மட்டும் என்றால் 12 வோல்ட் போதும். எடை ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும், கை வலிக்காது. மேலே பைப்பைத் துளைப்பது, நாள் முழுக்க ஷீட் அடிப்பது என்றால் 18.

ஆம்பியர் ஹவர் என்பது தொட்டியின் கொள்ளளவு மாதிரி. 2 ஆம்பியர் பேட்டரியில் ஐந்து செல் ஒரு வரிசை. 4, 5 ஆம்பியரில் பெரும்பாலும் இரண்டு வரிசை, பத்து செல். பத்து செல் இருந்தால் சுமை பங்கிடப்படும், சூடு குறையும், நம் வெயிலில் அது ஆயுளைக் கூட்டும். தலைக்கு மேல் வேலைக்கு 2, தரை வேலைக்கு 4 என்று ஒவ்வொன்று வைத்துக்கொள்வது என் வழக்கம். போலிப் பேட்டரிகளில் கவனம். பெரிய கம்பெனியின் அச்சு அசலான ஸ்டிக்கரோடு, 6 ஆம்பியர் என்று எழுதி, மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும். எடை போட்டால் குட்டு வெளிப்படும். அந்த வகைச் செல் ஒன்று 45 கிராமுக்குக் குறையாது; பத்துக்கு 450, கூடும் தகடும் சேர்ந்தால் அறுநூறைத் தொடும். கையில் வாங்கிய “5 ஆம்பியர்” மீன்கடைத் தராசில் 350 கிராம் காட்டினால் உள்ளே ஐந்து செல்தான் இருக்கிறது. அதைவிட மோசம், ஒவ்வொரு செல்லின் சார்ஜையும் கவனிக்கிற காவல் சர்க்யூட் பலவற்றில் இருக்காது. ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிற பொருள் அது.

பேட்டரிக் குடும்பத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். போஷின் நீல நிறத் தொழில் மெஷின் பேட்டரி அதே கம்பெனியின் பச்சை நிற வீட்டு மெஷினில் ஏறாது. மக்கிட்டாவின் 18 வோல்ட் பேட்டரி அதன் 40 வோல்ட் மெஷினுக்கு ஆகாது. நாளைக்கு கிரைண்டர், புளோயர் வாங்குவீர்கள். இன்று எடுக்கிற முதல் மெஷின்தான் அதையெல்லாம் தீர்மானிக்கப் போகிறது. அக்கம்பக்கத்தில் உங்கள் கூட்டாளிகள் எந்தப் பேட்டரி வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதும் நல்ல யோசனை. அவசரத்துக்கு ஒன்று கடன் கிடைக்கும்.

துபாயிலிருந்து எடுத்துவரலாமா? தாராளமாக. நம் பக்கம் அரபு நாட்டில் ஆள் இல்லாத வீடு குறைவு, நல்ல மெஷின் பாதி அப்படித்தான் ஊருக்குள் வந்தது. சார்ஜரின் அடியில் 220-240 என்று இருக்கிறதா என்று மட்டும் மச்சானைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் அதே கரண்ட்தான், பிளக்கின் மூன்று தட்டைக் கால்தான் வேறு. அடாப்டர் சொருகி ஆடவிடாமல் நம் ஊர் பிளக் டாப்பை மாற்றிவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து வருகிற 120 வோல்ட் சார்ஜரை இங்கே சொருகினால் அன்றோடு முடிந்தது. விமானத்தில் மெஷின் செக்-இன் பெட்டியில் போக வேண்டும், தனிப் பேட்டரி கைப்பையில் வர வேண்டும், முனைகளை டேப் ஒட்டி மூடி. 100 வாட் ஹவர் வரை கேள்வி இல்லை: 18 வோல்ட்டை 5 ஆம்பியர் ஹவரால் பெருக்கினால் 90, பிரச்சினையில்லை, 6 ஆம்பியர் என்றால் 108, அதற்கு விமானக் கம்பெனியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஒரே குறை, அங்கே வாங்கிய வாரண்டி பெரும்பாலும் இங்கே செல்லாது. அதனால் மெஷினை அங்கே வாங்கினாலும், இங்கே மதுரையிலாவது சர்வீஸ் உள்ள கம்பெனியாக, இங்கே விற்கிற மாடலாக இருக்கட்டும்.

பிரஷ்லெஸ் வேண்டுமா என்று எல்லாரும் கேட்பார்கள். கார்பன் பிரஷ் மோட்டாரில் பிரஷ் தேய்ந்துகொண்டே செம்புத் தகட்டில் உரசும். தீர்ந்தால் புதிதாகப் போடலாம், சின்னச் செலவு. பிரஷ்லெஸ்ஸில் உரசல் இல்லை, பேட்டரி கூடுதல் நேரம் வரும், சூடு குறைவு. உப்புக்காற்றில் செம்புத் தகடு கறுத்துப் பொறி பறப்பதும் இல்லை. ஆனால் அதை ஓட்டுவது ஒரு எலக்ட்ரானிக் பலகை. அது போனால் பாதி மெஷின் விலை கேட்பார்கள். தினமும் தொழிலுக்கு எடுப்பவர் பிரஷ்லெஸ் வாங்குங்கள். மாதத்துக்கு நாலு நாள் எடுப்பவருக்குப் பிரஷ் மோட்டாரே போதும், அந்தப் பணத்தை இரண்டாவது பேட்டரியில் போடுங்கள்.

இங்கே மெஷினைக் கொல்வது வேலை இல்லை, காற்று. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பெயிண்டும் போட்டார்கள் என்றால், உங்கள் டிரில் சக் எம்மாத்திரம்? என் முதல் கார்ட்லெஸ் மெஷின் இரண்டே வருஷத்தில் நின்றது. மோட்டார் நன்றாகத்தான் இருந்தது. பேட்டரியும் மெஷினும் சேருகிற தகடுகளில் பச்சையாகக் களிம்பு ஏறி, தொடுப்பு எரிந்துபோயிருந்தது. அதிலிருந்து வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றித்தான் வைப்பேன். தகட்டை உலர்ந்த பருத்தித் துணியால் துடைப்பேன், மாதம் ஒருமுறை எலக்ட்ரிக் கான்டாக்ட் கிளீனர். அந்தத் தகட்டில் எண்ணெயோ கிரீஸோ தடவக்கூடாது. உடம்பை, நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். உலர்ந்த துணி மட்டும் உப்பை எடுக்காது, பரப்பும். சக் தாடையை முழுதாகத் திறந்து, முனையைக் கீழே பார்க்கப் பிடித்து, இரண்டு சொட்டு மெஷின் ஆயில். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் மெஷினை மணலில் படுக்க வைக்கவே வைக்காதீர்கள். மோட்டாருக்குக் காற்று இழுக்கிற ஓட்டை வழியாக மணலும் உள்ளே போகும். செட்டோடு வருகிற பஞ்சு வைத்த துணிப்பை ஈரத்தைப் பிடித்து வைக்கும். ரப்பர் விளிம்பு உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலைந்து போட்டு வையுங்கள்.

பேட்டரியை வெயிலில், வண்டி சீட்டுக்கடியில், படகு எஞ்சின் அறையில் விடாதீர்கள். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் அரைமணி ஆறவிடுங்கள். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள். கடல் தண்ணீரில் விழுந்த பேட்டரியை எவ்வளவு விலை போட்டு வாங்கியிருந்தாலும் காயவைத்துப் பயன்படுத்தக்கூடாது. உள்ளே உப்பு தங்கி, சில மணி கழித்தோ சில நாள் கழித்தோ தீப்பிடிக்கலாம். வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, பழைய பேட்டரி எடுக்கும் இடத்தில் சொல்லிக் கொடுங்கள்.

பிட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். டிரைவருக்கு இம்பாக்ட் என்று குறித்த பிட்டே வாங்குங்கள். சாதா பிட் கண்ணாடி போல உடைந்து தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், நாள் முழுக்க ஓட்டினால் காதுக்கும் அடைப்பான் வையுங்கள், டிரைவரின் சத்தம் சாதாரணமானதில்லை. ஸ்க்ரூவும் துத்தநாகப் பூச்சுப் போட்டது கடலோரத்தில் ஒரு பருவத்தில் செம்மண் நிறமாகிவிடும். வீட்டுக்கு எஸ்எஸ் 304, அலை தெறிக்கிற இடத்துக்கும் வள்ளத்துக்கும் 316.

இனி உங்கள் பதினைந்தாயிரம். நான் பார்த்த வரை இந்தப் பணத்தில் நல்ல கம்பெனியின் 12 வோல்ட் இரட்டைச் செட் கிடைக்கும். 18 வோல்ட்டில் இரட்டைச் செட் என்றால் கூடவே வருகிற பேட்டரியில் கையை வைத்துவிடுவார்கள். உங்களுக்குக் கொட்டகை வேலை முன்னால் நிற்கிறது, அதனால் 12 வேண்டாம். இரண்டில் ஒன்றை மட்டும் இப்போது வாங்க முடியும் என்றால் டிரில்தான். டிரில் ஸ்க்ரூவும் ஏற்றும், சுவரும் துளைக்கும், பைபரும் துளைக்கும். டிரைவர் ஸ்க்ரூ ஏற்றுவதில் கெட்டி, மற்றதில் கைவிடும். 13 மில்லி சக், பக்கவாட்டுக் கைப்பிடி, இரண்டு கியர், இரண்டு பேட்டரி, இந்த நாலும் இருக்கட்டும். பில் இல்லாமல் வாங்காதீர்கள், வாரண்டி கேட்க அது வேண்டும். எட்டாயிரத்துக்கு இரண்டு மெஷின், நூறு சாமான் என்று வருகிற பெயர் தெரியாத செட்டை வாங்கி, ஒரு பேட்டரி செத்ததும் மாற்றுப் பேட்டரி எங்கும் கிடைக்காமல் பரணில் போட்டவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.

கடைக்குப் போகும்போது நீங்கள் போடப்போகிற ஷீட் ஸ்க்ரூ பத்தும், அதே பைப்பில் ஒரு முழத் துண்டும் கையோடு கொண்டு போங்கள். சக்கில் நேரான பிட்டை மாட்டி மெதுவாக ஓட்டுங்கள். முனை கண்ணுக்குத் தெரிகிற அளவு வட்டம் போட்டால் வேறு பீஸ் கேளுங்கள். விசையை நூலளவு அழுத்தினால் நத்தை மாதிரி சுற்றத் தொடங்க வேண்டும், குதித்து ஓடக்கூடாது. பிறகு கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கிளட்ச்சை ஒவ்வொரு எண்ணாகக் கூட்டி அந்தப் பைப்பில் ஸ்க்ரூவை ஏற்றிப் பாருங்கள். வாஷர் சரியாக உட்காருகிற எண் எது என்று பைப்பிலேயே மார்க்கரால் எழுதிக்கொண்டு வாருங்கள்; மாடியில் ஏறியதும் அந்த எண்ணிலிருந்து தொடங்கலாம்.